ஆல்பர்ட்டாவில் கரண்ட், கேஸ் விலையை ஃபிக்ஸ் பண்ணலாமா, ஃப்ளோட்டிங்கில் விடலாமா?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரி, எட்மண்டன் பக்கம் புதிதாகக் குடிவருகிற நம்மவர்கள் வீட்டுச் சாவி கைக்கு வந்த வாரமே கேட்கிற கேள்வி இது. ஃபிக்ஸ் என்றால் சில வருஷத்துக்கு ஒரே விலையைப் பூட்டிக்கொள்வது, ஃப்ளோட்டிங் என்றால் சந்தையோடு விலை ஏறி இறங்க விடுவது. பதில் சொல்பவர்கள் இரண்டு கட்சி. "ஃபிக்ஸ் பண்ணிடுங்க, தலைவலி இல்லை" என்பார் ஒருவர், "ஃப்ளோட்டிங்தான் லாபம், நான் அதுலதான் இருக்கேன்" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, ஆனால் அவரவர் சேர்ந்த வருஷம்தான் அவரவர் பதிலைத் தீர்மானித்திருக்கிறது. 2021-இல் ஃபிக்ஸ் பண்ணியவர் 2023-இல் ராஜா மாதிரி இருந்தார். 2023 கோடையில் பயந்துபோய் ஃபிக்ஸ் பண்ணி, அதை அப்படியே மறந்துவிட்டவர் 2024 முழுக்கத் தேவைக்கு அதிகமாகக் கட்டினார். அதனால் விலை ஏறுமா இறங்குமா என்று ஜோசியம் பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஒரு ஜனவரி மாத பில் திடீரென்று இரண்டு மடங்காக வந்தால் வீட்டு பட்ஜெட் தாங்குமா, போட்ட கான்ட்ராக்டிலிருந்து வெளியே வர என்ன செலவாகும், இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் போதும்.

முதலில் இந்த ஊர் ஏற்பாடு நமக்குப் பழக்கமானது இல்லை. தமிழ்நாட்டில் ஒரே வாரியம், இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், முதல் 100 யூனிட் இலவசம், அப்புறம் ஸ்லாப் ஏற ஏற விலை ஏறும். ஆல்பர்ட்டாவில் ஸ்லாபே கிடையாது, முதல் யூனிட்டும் ஆயிரமாவது யூனிட்டும் ஒரே விலை. ஆனால் அந்த விலையை யாரிடம், எந்த முறையில் வாங்குவது என்பது உங்கள் பொறுப்பு. 2001-இலேயே மின்சார விற்பனையைப் போட்டிச் சந்தைக்குத் திறந்துவிட்டார்கள். கம்பி, மீட்டர், குழாய் எல்லாம் நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து ஒரே நிறுவனத்தினுடையதுதான். கால்கரியில் கம்பி என்மேக்ஸ், எட்மண்டனில் எப்கோர், கேஸ் குழாய் இரண்டு ஊரிலும் ஆட்கோ. யாரிடம் கரண்ட் வாங்கினாலும் அதே கம்பியில்தான் வரும், கட் ஆனாலும் அதே ஆட்கள்தான் வந்து சரிசெய்வார்கள். "சின்னக் கம்பெனிக்கு மாறினால் பனிக்காலத்தில் கரண்ட் போய்விடுமோ" என்ற பயம் தேவையே இல்லை.

பில்லில் எந்தப் பகுதி உங்கள் கையில் இருக்கிறது

பில்லை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். எனர்ஜி சார்ஜ் என்று ஒரு வரி இருக்கும், நீங்கள் ஃபிக்ஸ் பண்ணுவதும் ஃப்ளோட்டிங்கில் விடுவதும் அந்த ஒரு வரியைத்தான். அதற்குக் கீழே விற்பனையாளரின் அட்மின் கட்டணம், டிரான்ஸ்மிஷன், டிஸ்ட்ரிப்யூஷன், ரைடர் என்ற பெயரில் ஏறி இறங்கும் சில்லறைகள், நகராட்சிக்குப் போகும் லோக்கல் ஆக்சஸ் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி. "ஃபிக்ஸ் பண்ணிட்டேன், ஆனாலும் பில் ஏறுதே" என்று புலம்புகிறவர்கள் பலர் இந்த வரிகளைப் பார்க்காமல் அடியில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் பார்க்கிறவர்கள். டிரான்ஸ்மிஷன், டிஸ்ட்ரிப்யூஷன் என்ற டெலிவரி பகுதி, அதாவது வீடுவரை கொண்டுவந்து சேர்க்கும் செலவு, எல்லா விற்பனையாளரிடமும் ஒன்றுதான், அதில் பேரம் பேச இடமில்லை.

கால்கரிக்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் எரிச்சல் இருந்தது. அங்கே லோக்கல் ஆக்சஸ் கட்டணத்தின் ஒரு பகுதியை அன்றைய அரசு ஒழுங்குமுறை விலையோடு கட்டிவைத்திருந்தார்கள், அதனால் நீங்கள் ஃபிக்ஸட்டில் இருந்தாலும் சந்தை ஏறும்போது அந்த வரி மட்டும் ஏறிக்கொண்டே போனது. 2025 ஜனவரியிலிருந்து அது எவ்வளவு யூனிட் என்ற கணக்குக்கு மாறிவிட்டது. நல்லது.

கரண்ட்: மூன்று வழி

எந்த விற்பனையாளரிடமும் சேரவில்லை என்றால் உங்களைத் தானாகவே அரசு ஒழுங்குமுறை விலையில் போட்டுவிடுவார்கள். 2024 கடைசிவரை இதற்கு ஆர்ஆர்ஓ (ரெகுலேட்டட் ரேட் ஆப்ஷன்) என்று பெயர், மாதாமாதம் மாறும். 2025 ஜனவரி 1 முதல் "ரேட் ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்". புதிய முறையில் விலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் மாறும், 2025-க்கும் 2026-க்கும் யூனிட்டுக்குச் சுமார் 12 சென்ட், அடுத்த இரண்டு வருஷத்துக்கு மாற்றும்போது 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வரம்பும் இருக்கிறது. யாருக்கும் கெடுதல் இல்லாத விலைதான், ஆனால் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், வேறு வழி இல்லாதவர்களுக்கான விலை. கிரெடிட் ஹிஸ்டரி இன்னும் உருவாகாமல், தனியார் விற்பனையாளர் சேர்த்துக்கொள்ள மறுத்தாலோ பெரிய டெபாசிட் கேட்டாலோ கொஞ்ச நாள் இதில் இருக்கலாம். மற்றபடி இந்த 12 சென்டை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு ஃபிக்ஸட் திட்டம் இதைவிடக் குறைவாக இல்லை என்றால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பழைய ஆர்ஆர்ஓ என்ன பாடு படுத்தியது என்று தெரிந்தால்தான் இந்த ஊர்க்காரர்கள் ஏன் ஃபிக்ஸட், ஃபிக்ஸட் என்கிறார்கள் என்பது புரியும். 2023 ஆகஸ்டில் கால்கரியிலும் எட்மண்டனிலும் அது யூனிட்டுக்கு 30 சென்டைத் தாண்டியது. அதே தெருவில், இரண்டு வருஷம் முன்னால் ஃபிக்ஸ் பண்ணியவர் 10 சென்டுக்கும் குறைவாகக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் ஜனவரி முதல் மார்ச் வரை அரசு 13.5 சென்ட் என்று ஒரு உச்சவரம்பு போட்டது, கேட்க நன்றாக இருந்தது. ஆனால் வரம்புக்கு மேலே இருந்ததை மன்னிக்கவில்லை, தள்ளிவைத்தார்கள். 2023 ஏப்ரலிலிருந்து 2024 டிசம்பர் வரை ஆர்ஆர்ஓவில் இருந்தவர்கள் பில்லில் அதைச் சேர்த்து வசூலித்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் ஃபிக்ஸட்டுக்கு ஓடிவிட, மிச்சம் இருந்தவர்கள் தலையில் பாரம் இன்னும் கூடியது. சலுகை என்று வரும் எதிலும் யார், எப்போது கட்டுகிறார்கள் என்று கேட்கும் பழக்கம் பலருக்கு அப்போதுதான் வந்தது.

இரண்டாவது வழி ஃப்ளோட்டிங். இங்கே மின்சாரச் சந்தையில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு விலை உண்டு, பூல் பிரைஸ் என்பார்கள். காற்று நன்றாக அடிக்கும் இரவில் அது பூஜ்யத்துக்கு வரும், மைனஸ் 40-ஐத் தொடும் சாயங்காலத்தில் காற்றும் நின்றுபோனால் மெகாவாட் மணிக்கு 999.99 டாலர் என்ற உச்சவரம்பையே தொடும், அதாவது யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு டாலர். 2024 ஜனவரி 13 அன்று சாயங்காலம் எல்லார் போனிலும் அவசர எச்சரிக்கை வந்து, தேவையில்லாத விளக்கை அணைக்கச் சொன்னார்களே, அது இந்த மாதிரி ஒரு நாள்தான். ஃப்ளோட்டிங் திட்டத்தில் இப்படியான மணிக்கணக்கு விலைகளை மாதத்துக்குச் சேர்த்து, அதற்கு மேல் விற்பனையாளர் ஒரு சென்டோ இரண்டு சென்டோ வைத்து பில் போடுவார். செய்தியில் வரும் பூல் சராசரியைவிட உங்கள் விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும், ஏனென்றால் வீடுகள் கரண்டை அதிகம் இழுப்பது சமையல் நேரமான சாயங்காலத்தில், விலை ஏறுவதும் அப்போதுதான்.

வருஷ சராசரியைப் பார்த்தால் நிலவரம் தெளிவாகும். பூல் விலை 2022-இல் யூனிட்டுக்குச் சுமார் 16 சென்ட், 2023-இல் 13, 2024-இல் 6 சென்டை ஒட்டி. இரண்டே வருஷத்தில் பாதிக்கும் கீழே. ஏன் விழுந்தது? எட்ஸன் அருகே 900 மெகாவாட் கேஸ்கேட் நிலையம் வந்தது, ஜெனஸி நிலையம் நிலக்கரியை விட்டு முழுக்க கேஸுக்கு மாறி மேலும் திறன் பெற்றது, காற்றாலைகளும் சோலாரும் கூடின. இனிமேல் ஏறாதா என்றால், டேட்டா சென்டர் கட்டுகிறோம் என்று வரிசையில் நிற்பவர்கள் கேட்கும் மின்சாரம் ரொம்ப அதிகம், 2025-இல் முதற்கட்டமாக 1,200 மெகாவாட்டுக்குமேல் இணைப்பு கிடையாது என்று வரம்பு வைக்க வேண்டிவந்தது. இரண்டு பக்கமும் காரணம் இருக்கிறது, அதனால்தான் ஜோசியம் வேண்டாம் என்றேன்.

ஃப்ளோட்டிங்கில் சேர்ந்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குத் துணி துவைப்பவர்கள் உண்டு. உங்கள் திட்டம் மாதத்துக்கு ஒரே சராசரி விலை போடுகிறதா, இல்லை உங்கள் மீட்டரில் மணி வாரியாகப் பதிந்ததைக் கணக்கில் எடுக்கிறதா என்று கேளுங்கள். முதல் வகை என்றால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், பகலிலேயே துவைக்கலாம்.

மூன்றாவது ஃபிக்ஸட்: ஒரு வருஷம், மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று கிடைக்கும். வீட்டுக் கடனில் ஃபிக்ஸட், வேரியபிள் என்று வங்கியில் கேட்டு அலுத்துப்போனவர்களுக்கு இது பழகிய சமாச்சாரம் மாதிரி தோன்றும், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம், அதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான விஷயம்.

வெளியேறும் கதவு

கடனை நடுவில் உடைத்தால் வங்கி அபராதத்தைத் தீட்டிவிடும். ஆல்பர்ட்டாவில் கரண்ட், கேஸ் ஃபிக்ஸட் திட்டங்கள் பலவற்றில் வெளியேறும் கட்டணமே கிடையாது, குறிப்பிட்ட நாள் முன்னறிவிப்பு கொடுத்தால் போதும். இதன் அர்த்தம் என்ன என்று நிதானமாக யோசியுங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு விலையைப் பூட்டுகிறீர்கள். சந்தை ஏறினால் விற்பனையாளர் உங்களுக்கு ஏற்ற முடியாது. சந்தை இறங்கினால் நீங்கள் உடைத்துக்கொண்டு புதுக் குறைந்த விலைக்குப் போகலாம், சில நேரம் அதே நிறுவனத்திலேயே. அவர்கள் மட்டும் கட்டுப்பட்டு, நீங்கள் கட்டுப்படாத ஒப்பந்தம். இப்படி ஒன்று கிடைக்கும்போது "ஃபிக்ஸ் பண்ணி மாட்டிக்கொண்டால்?" என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லை, நீண்ட காலத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் எல்லாத் திட்டமும் இப்படி இல்லை. சிலதில் மீதி மாதத்துக்கு இவ்வளவு என்று வெளியேறும் கட்டணம் இருக்கும், சிலதில் சேரும்போது கொடுத்த பரிசுக் கூப்பனையோ பில் கழிவையோ திரும்பக் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் ரத்து செய்வது பற்றிய பத்தியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள், போனில் பேசுகிறவர் "அதெல்லாம் ஒண்ணும் இல்லை சார்" என்று சொன்னால் "எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?" என்று கேளுங்கள். கையெழுத்துப் போட்டு ஒப்பந்த நகல் கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. வீட்டுக் கதவைத் தட்டி எனர்ஜி கான்ட்ராக்ட் விற்பது 2017 ஜனவரியிலிருந்து இங்கே தடை. நீங்கள் அழைக்காமல் யாராவது வாசலில் நின்று "உங்க பில்லைக் காட்டுங்க, குறைச்சுத் தர்றேன்" என்றால் பில்லைக் காட்டாதீர்கள், அதில் சைட் ஐடி இருக்கும், உங்கள் இணைப்பின் அடையாள எண், அதை வைத்துத்தான் விற்பனையாளரை மாற்றுவார்கள்.

கேஸ் வேறு கதை

கரண்டுக்குச் சொன்னதை அப்படியே கேஸுக்கும் பொருத்தாதீர்கள். முதல் வித்தியாசம், கேஸில் ஒழுங்குமுறை விலை இன்னும் மாதாமாதம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது, 12 சென்ட் மாதிரி இரண்டு வருஷத்துக்கு நிற்கும் அளவுகோல் இல்லை. எதிலும் சேராமல் சும்மா இருந்தாலே நீங்கள் ஃப்ளோட்டிங்கில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டாவது, பயன்பாடு வருஷம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. தனி வீட்டுக்கு வருஷத்துக்கு 110 ஜிகாஜூல் (கேஸை அளக்கும் அலகு, கீழே வரும் கேஸ் விலையெல்லாம் ஒரு ஜிகாஜூலுக்கு) சுமாராக ஆகும் என்று வையுங்கள், ஜூலையில் வெந்நீருக்கும் அடுப்புக்கும் இரண்டு மூன்று போதும், ஜனவரியில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓயாமல் ஓடி பதினைந்து இருபதை விழுங்கிவிடும். ஆக உங்களுக்கு முக்கியம் நவம்பர் முதல் மார்ச் வரை உள்ள விலைதான். கோடையில் விலை ஒரு டாலருக்கு இறங்கினால் பெருமைப்பட ஒன்றும் இல்லை, அப்போது நீங்கள் வாங்குவதே துளி.

இங்கே கேஸ் விலைக்கு அடிப்படை ஏகோ என்ற ஆல்பர்ட்டா சந்தை விலை. ஊரில் எடுக்கும் கேஸ் வெளியே போகக் குழாய் வேண்டும், கோடையில் குழாய்ப் பராமரிப்பு நடந்தால் கேஸ் இங்கேயே தேங்கி விலை தரைக்கு வரும். 2024 செப்டம்பரில் ஒரு டாலருக்கும் கீழே போனது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, உக்ரைன் போர் தொடங்கிய 2022-இல், சில மாதங்களில் 6 டாலரைத் தாண்டியது. 2025 ஜூன் கடைசியில் கனடாவின் மேற்குக் கரையில் உள்ள கிட்டிமாட் துறைமுகத்திலிருந்து திரவ கேஸ் கப்பல் போகத் தொடங்கியது, இங்குள்ள கேஸுக்கு ஆசியாவில் வாங்குபவர்கள் வந்துவிட்டார்கள், நீண்ட காலத்தில் விலையைத் தூக்கும் என்பது பலர் எதிர்பார்ப்பு. அதனால்தான் விற்பனையாளர்கள் கொடுக்கும் ஃபிக்ஸட் கேஸ் விலை அன்றைய சந்தை விலையைவிட நன்றாகவே மேலே நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், இது வெறும் உதாரணம். ஃபிக்ஸட் 4 டாலர், ஃப்ளோட்டிங் எல்லாம் சேர்த்து 2.50 என்றால் வித்தியாசம் 1.50, 110 ஜிகாஜூலுக்கு வருஷம் 165 டாலர், மாதம் சுமார் 14. மோசமான ஒரு குளிர்காலத்தில் ஃப்ளோட்டிங் 7 டாலருக்குப் போய் ஐந்து மாதத்தில் 80 ஜிகாஜூல் எரித்தால் அந்த ஒரு சீசனில் 240 டாலர் கூடுதல். மாதம் 14 டாலர் கொடுத்து அந்த 240-லிருந்து தப்பிக்க வேண்டுமா? கையில் கொஞ்சம் சேமிப்பு இருப்பவர் வேண்டாம் என்று சொல்லலாம், தப்பே இல்லை. ஒரே சம்பளம், வீட்டுக் கடன், கார் கடன் எல்லாம் இருந்து மாதக் கடைசியில் நூறு டாலர் இடிக்கிற வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஃபிக்ஸ் பண்ணுங்கள். இரண்டையும் ஒரே மாதிரி வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கரண்டை ஃபிக்ஸ் பண்ணி கேஸை ஃப்ளோட்டிங்கில் விடலாம், பெரும்பாலான விற்பனையாளர்கள் ஒரே பில்லில் இரண்டையும் சேர்த்துத் தருவார்கள். என் சாய்வு இந்தக் கலவை பக்கம்தான்: கரண்டில் நீண்ட கால ஃபிக்ஸட், வெளியேறும் கட்டணம் இல்லாததாகப் பார்த்து, கேஸில் சந்தை விலைக்கும் ஃபிக்ஸட் விலைக்கும் இடைவெளி ஒரு டாலருக்குள் வந்தால் ஃபிக்ஸட், அதுவரை ஃப்ளோட்டிங்.

ஒன்று சொல்ல மறந்துவிடக்கூடாது. பழைய கேஸ் பில்லை வைத்து ஒப்பிடும்போது 2025 ஏப்ரலுக்கு முந்தையதில் கார்பன் வரி இருந்திருக்கும், அதன் கடைசி வருஷத்தில் ஜிகாஜூலுக்கு 4 டாலருக்கு மேல். அது இப்போது இல்லை. அதனால் மொத்தத் தொகையை மொத்தத் தொகையோடு ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவீர்கள்.

உட்கார்ந்து செய்ய வேண்டியது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்தால் முடிந்துவிடும். கடந்த 12 மாத பில்லில் எத்தனை யூனிட், எத்தனை ஜிகாஜூல் என்று குறித்துக்கொள்ளுங்கள், டாலரை விட்டுவிடுங்கள். புதுவீடு என்றால் பழைய உரிமையாளரிடம் கேளுங்கள், கிடைக்கவில்லை என்றால் மாதம் 600 யூனிட், வருஷம் 110 ஜிகாஜூல் என்று தொடங்கலாம். பேஸ்மென்ட்டில் வாடகைக்கு ஆள் இருந்தாலோ எலக்ட்ரிக் கார் இருந்தாலோ கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் மாகாண அரசின் யுட்டிலிட்டீஸ் கன்ஸ்யூமர் அட்வகேட் அலுவலகத்தின் தளத்தில் விலை ஒப்பிடும் வசதி இருக்கிறது, அஞ்சல் குறியீட்டைப் போட்டால் உங்கள் பகுதியில் கிடைக்கும் திட்டங்கள் வரும். கமிஷன் வாங்கிக்கொண்டு ஒப்பிடும் தளங்களைவிட இதுவே மேல்.

அங்கே யூனிட் விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 10 சென்ட், மாத அட்மின் கட்டணம் 10 டாலர் என்று ஒரு திட்டம், 10.5 சென்ட், அட்மின் 6 டாலர் என்று இன்னொன்று. மாதம் 600 யூனிட் வீட்டுக்கு முதலாவது 70 டாலர், இரண்டாவது 69. கான்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) தனியாக இருந்து 300 யூனிட் மட்டும் எரிப்பவருக்கு 40-க்கு எதிராக 37.50. பெரிய வீட்டில் 1,200 யூனிட் போகிறவருக்கு இது தலைகீழாகிவிடும், 130-க்கு எதிராக 132. சின்ன வீட்டுக்கு அட்மின் கட்டணம் முக்கியம், பெரிய வீட்டுக்கு யூனிட் விலை முக்கியம். அட்மினை ஒரு நாளுக்கு இத்தனை சென்ட் என்று போட்டிருந்தால் முப்பதால் பெருக்கிக்கொள்ளுங்கள், அப்படிப் போடுவதே சின்னதாகத் தெரியட்டும் என்றுதான்.

ஈக்வலைஸ்டு பேமென்ட், பட்ஜெட் பில்லிங் என்று ஒன்று சொல்வார்கள். மாதாமாதம் ஒரே தொகை வருவதால் அதை ஃபிக்ஸட் என்று நினைத்துவிடுகிறார்கள். அது விலையைப் பூட்டுவது இல்லை, வருஷச் செலவைப் பன்னிரண்டாகப் பிரிப்பது, அவ்வளவுதான். கூடக் குறையக் கட்டியதைக் கடைசியில் கணக்குத் தீர்ப்பார்கள். கேஸை ஃப்ளோட்டிங்கில் வைத்து இதையும் சேர்த்துக்கொண்டால் ஜனவரி அதிர்ச்சி பாதியாகக் குறையும் என்பது உண்மை.

கூரையில் சோலார் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு: வெயில் மாதங்களில் கிரிட்டுக்கு அனுப்புவது அதிகம் என்பதால் அப்போது யூனிட் விலை உயர்ந்திருந்தால்தான் லாபம், அதற்கென்றே சோலார் கிளப் திட்டங்கள் இருக்கின்றன, வசந்தத்தில் உயர்ந்த விலைக்கும் இலையுதிர் காலத்தில் குறைந்த விலைக்கும் மாறிக்கொள்ளலாம். வாடகை வீட்டில் பில் உங்கள் பெயரில் இல்லை என்றால் இது எதுவும் உங்கள் கையில் இல்லை, உரிமையாளரிடம் பேசிப் பார்க்கலாம்.

மாறுவதற்குப் பழைய நிறுவனத்தைக் கூப்பிட்டுச் சண்டை போடத் தேவையில்லை. புதிய விற்பனையாளரிடம் சைட் ஐடி கொடுத்தால் மாற்றத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், ஒரு பில் சுழற்சி ஆகும், பழையதிலிருந்து கடைசி பில் ஒன்று வரும், அதைக் கட்டிவிடுங்கள். ஃபிக்ஸட் முடியும் தேதியை போன் காலண்டரில் இரண்டு மாதம் முன்பாகவே போட்டு வையுங்கள். முடிந்ததும் அவர்களே எந்த விலைக்கு மாற்றுவார்கள் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும், அது உங்களுக்குச் சாதகமாக எழுதப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெளியேறும் கட்டணம் இல்லாத திட்டத்தில் இருப்பவர்கள் அந்தத் தேதிவரைகூடக் காத்திருக்க வேண்டாம், வருஷத்துக்கு ஒருமுறை, செப்டம்பரில் ஃபர்னஸ் ஃபில்டர் மாற்றும்போது, ஒப்பிடும் தளத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.